காருக்குக் கரண்ட் போதவில்லையா? முதலில் கணக்குப் போடுங்கள்

முன்பெல்லாம் புதுக் கார் வாங்கியவர்கள் பட்டறைக்கு வந்தால் இரண்டே விஷயம்தான் கேட்பார்கள். ஒன்று நல்ல ரேடியோ, மற்றொன்று திருட்டு அலாரம். இப்போது பட்டியல் நீண்டுவிட்டது. முன்னும் பின்னும் டேஷ்கேம், பெரிய ஆண்ட்ராய்டு திரை, இருக்கைக்கு அடியில் சப்வூஃபர், பிள்ளைகளின் பாலுக்குக் குளிர்ப்பெட்டி, மடிக்கணினிக்கு இன்வெர்ட்டர், ஆளுக்கொரு கைப்பேசி சார்ஜர் என்று கேட்கிறார்கள். இவை எதையும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் மூன்று மணி நேரம் சாலையில் கழிப்பவருக்குக் கார்தான் இரண்டாவது வீடு. வாடகைக்கு ஓட்டுபவருக்கு அதுவே அலுவலகம்.

ஆனால், காரைச் செய்த தொழிற்சாலை இந்தச் சாமான்களை எல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை. எஞ்சின், விளக்கு, ஏர்கோன், வைப்பர், ரேடியோ ஆகியவற்றுக்கு எவ்வளவு மின்சாரம் தேவையோ, அதற்குமேல் கொஞ்சம் கூட்டித்தான் ஒவ்வொரு காரிலும் வைக்கிறார்கள். அந்தக் கொஞ்சத்தில்தான் நாம் குடும்பம் நடத்துகிறோம்.

கிள்ளானில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஒயர்மேனாக வேலை செய்கிறேன். பட்டறைக்கு வருபவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “அண்ணே, பேட்டரி மாத்தி ஆறு மாசம்கூட ஆகல. காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. கொஞ்சம் பெரிய பேட்டரியா போட்டுக் குடுங்க.” பெரிய பேட்டரி விற்றால் எனக்கும் லாபம்தான். ஆனால் பலருக்கு அது தீர்வாக அமைவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சம்பளமும் சேமிப்பும்

காரில் மின்சாரத்தை உண்டாக்குவது பேட்டரி அன்று. எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்து சுழலும் ஆல்டர்னேட்டர்தான் அதைச் செய்கிறது. வீட்டுக் கணக்கில் சொன்னால், ஆல்டர்னேட்டர் மாதச் சம்பளம். பேட்டரி வங்கியில் இருக்கும் சேமிப்பு. எஞ்சினை முடுக்கும் அந்தச் சில வினாடிகளுக்கும், எஞ்சின் அணைந்திருக்கும் நேரத்துக்கும் சேமிப்பிலிருந்து எடுக்கிறோம். கார் ஓடத் தொடங்கியதும் சம்பளம் வந்து, எடுத்ததைத் திருப்பி வைக்கிறது.

செலவு சம்பளத்தைத் தாண்டினால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும்போதே சேமிப்பு கரையும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பெரிய வங்கிக் கணக்கு திறந்து கொடுத்து என்ன பயன்? காலியாக இன்னும் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஈய-அமில பேட்டரி அரைகுறையாக நிரம்பிய நிலையிலேயே கிடந்தால், உள்ளே இருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு அதை எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. நம் நாட்டு வெயிலும் எஞ்சின் சூடும் அதை இன்னும் விரைவுபடுத்தும். பட்டறைக்கு வரும் “செத்த” பேட்டரிகளில் பல, தரம் குறைந்தவை அல்ல. பசியால் செத்தவை.

தகட்டில் 80, நெரிசலில் 42

சிறிய, நடுத்தரக் கார்களின் ஆல்டர்னேட்டர்கள் பெரும்பாலும் 60 முதல் 90 ஆம்பியர் வகை. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது ஆல்டர்னேட்டர் நன்றாக வேகம் பிடித்துச் சுழலும்போது தருகிற அளவு. நிமிடத்துக்கு 6,000 சுற்று அளவில் ஓடினால்தான் அந்த எண்ணை நெருங்கும்.

கார் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் 750 சுற்று அளவில் ஓடுகிறது. பெல்ட் சக்கரத்தின் அளவு வித்தியாசத்தால் ஆல்டர்னேட்டர் அதைவிட இரண்டு, இரண்டரை மடங்கு வேகமாகச் சுழலும். அதாவது 1,800 சுற்றை ஒட்டித்தான் இருக்கும். அந்த வேகத்தில் அது தருவது தகட்டில் எழுதியிருப்பதில் பாதிதான்; சிலவற்றில் பாதிகூட வராது. எஞ்சின் அறை கொதித்துக்கொண்டிருந்தால் இன்னும் குறையும்.

ஆக, கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு நிற்கும் காரில்தான் வரவு மிகக் குறைவு. ஆனால் செலவு அதே நேரத்தில்தான் உச்சம். ஏர்கோன் ஓடுகிறது, காற்று வராததால் ரேடியேட்டர் விசிறி விடாமல் சுற்றுகிறது, முன்விளக்கு எரிகிறது, பிரேக் விளக்கு எரிகிறது, மழை வந்தால் வைப்பரும் சேர்ந்துகொள்கிறது. ஆறு மாதத்தில் பேட்டரி சாவதற்கான காரணத்தை இந்த இடத்தில்தான் தேட வேண்டும்.

ஒரு வாடகைக் காரின் கணக்கு

சென்ற ஆண்டுகளில் நான் பார்த்த ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மின்னழைப்பு வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவருடையது. நாற்பதைத் தாண்டாதவர், இரண்டு பிள்ளைகள், காலை ஆறு மணிக்கு ஏறினால் இரவுதான் இறங்குவார். ஓராண்டுக்குள் மூன்றாவது பேட்டரிக்கு வந்திருந்தார். ஒரு பேட்டரிக்கு இருநூறு வெள்ளிக்கு மேல். அதைவிட, காலையில் கார் ஸ்டார்ட் ஆகாத நாளில் விமான நிலையப் பயணங்கள் கைவிட்டுப் போவதுதான் அவருக்குப் பெரிய அடி.

“இந்தத் தடவை ரொம்பப் பெரிசா போட்டுருங்கண்ணே” என்றார். “தம்பி, முதல்ல அளந்து பார்ப்போம்” என்று கிளாம்ப் மீட்டரை எடுத்தேன். கம்பியை அறுக்காமல், அதைச் சுற்றிப் பிடித்தாலே எவ்வளவு ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கருவி அது. கார் சூடேறி நிற்கும் நிலையில், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக அளந்தோம்.

தொழிற்சாலை பொருத்தியவை:
எரிபொருள் பம்ப், எஞ்சின் கணினி, இக்னிஷன் – 9 ஆம்பியர்
முன், பின் விளக்குகள் – 9
ஏர்கோன் காற்று விசிறி – 9
ரேடியேட்டர் விசிறி, ஏர்கோன் கிளட்ச் (சராசரி) – 10
வைப்பர், பிரேக் விளக்கு (சராசரி) – 3
மொத்தம் – 40 ஆம்பியர்

பிறகு சேர்த்தவை:
மூன்று கைப்பேசி சார்ஜர்கள் – 3
முன், பின் டேஷ்கேம் – 1
ஆண்ட்ராய்டு திரை, கூடுதல் எல்இடி விளக்குகள் – 4
குளிர்ப்பெட்டி – 4
சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபையரும் (மிதமான சத்தத்தில் சராசரி) – 8
மொத்தம் – 20 ஆம்பியர்

ஆகச் செலவு 60. வரவு எவ்வளவு? தகட்டில் 80 என்றிருந்த அந்த ஆல்டர்னேட்டர், நின்றிருக்கும் நிலையில் தந்தது 42. குறை 18 ஆம்பியர். ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றால் பேட்டரியிலிருந்து 18 ஆம்பியர்-மணி போய்விடும். அவர் காரில் இருந்தது 35 ஆம்பியர்-மணி கொண்ட என்எஸ்40 பேட்டரி. அதாவது பாதி காலி!

நெடுஞ்சாலையில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் கூடுதலாகத் தரும் என்பது உண்மைதான். ஆனால் ஈய-அமில பேட்டரி கடைசி ஐந்தில் ஒரு பங்கை மிக மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். முழுதாக நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த பயணி, அடுத்த நெரிசல். அந்த பேட்டரி முழுதாக நிரம்பிய நாளே இருந்திருக்காது.

குளிர்ப்பெட்டிக்குள் இருந்தது

பட்டியலைப் பார்த்து, “சப்வூஃபரை எடுத்திடலாம்ணே, குளிர்ப்பெட்டியை மட்டும் எடுக்க முடியாது” என்றார். தண்ணீருக்காகத்தானே என்று கேட்டேன். திறந்து காட்டினார். உள்ளே அவருடைய இன்சுலின் பேனா.

இதைப் படிக்கும் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 12 வோல்ட் குளிர்ப்பெட்டிகளில் கம்பிரஸர் கிடையாது. மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் சிறிய தகடுதான் அவற்றில் இருக்கிறது. சுற்றியுள்ள காற்றைவிட 15 முதல் 20 டிகிரி குறைவாக வைத்திருப்பதே அவற்றின் சக்தி. ஏர்கோன் ஓடும் காரில் இது போதும். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறமோ 50 டிகிரி செல்சியஸைத் தொடும். அப்போது பெட்டி முழு மூச்சில் ஓடினாலும் உள்ளே 30 டிகிரிக்குமேல்தான் இருக்கும். பயன்பாட்டில் இருக்கும் பெரும்பாலான இன்சுலின் பேனாக்களை வைக்க வேண்டிய உச்ச வரம்பே 30 டிகிரியை ஒட்டியதுதான். எஞ்சினை அணைத்ததும் பெட்டிக்கு மின்சாரம் நின்றுவிடும் காராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

எந்த பேட்டரி போட்டாலும், எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் மாற்றினாலும் இந்தப் பிரச்சினை தீராது. “இதை மட்டும் காரை நம்பி விடாதீங்க தம்பி. மருந்தகத்துல கேளுங்க. கையில எடுத்துப் போற மாதிரி காப்புப் பை இருக்கு” என்றேன். அவர் மருந்தாளரிடம் கேட்டு ஒரு காப்புப் பை வாங்கினார். இப்போது காரிலிருந்து இறங்கும்போது அதுவும் அவரோடு இறங்குகிறது. குளிர்ப்பெட்டி வீட்டுக்குப் போய்விட்டது. 4 ஆம்பியர் மிச்சம்; ஆனால் அவருக்கு மிச்சமானது அதைவிடப் பெரியது.

கணக்குப் போடுவதன் முதல் பலன் இதுதான். எது உண்மையில் தேவை, எது இருந்தால் நல்லது, எது காரால் செய்ய முடியாத வேலை என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

பாலுக்கும் உணவுக்கும் நிச்சயமாகக் குளிர்ச்சி வேண்டும் என்பவர்கள் கம்பிரஸர் உள்ள கார் குளிர்பெட்டியைப் பாருங்கள். விலை அதிகம். ஆனால் குளிர்ந்ததும் தானே நின்று நின்று ஓடும் என்பதால் சராசரிச் செலவு குறைவு. பேட்டரி இறங்கினால் தானாக அணைந்துகொள்ளும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மேம்படுத்த வேண்டிய வரிசை

தேவையைக் குறைத்த பிறகும் கூடுதல் மின்சாரம் வேண்டும் என்றால், எதை முதலில் மாற்றுவது? என் வரிசை இது.

முதலாவது, இருப்பதைச் சரிசெய்வது. பேட்டரி முனைகளில் படிந்த வெள்ளைப் பூஞ்சை, தளர்ந்த பெல்ட், துருப்பிடித்த எர்த் கம்பி ஆகியவை கண்ணுக்குத் தெரியாமல் மின்சாரத்தைத் தின்பவை. அந்தத் தம்பியின் காரில் எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை அரித்துப் போயிருந்தது. அதில் மட்டும் அரை வோல்ட் இழப்பு. அரை வோல்ட் பெரிதா என்று நினைக்கலாம். 14 வோல்ட் கிடைக்க வேண்டிய பேட்டரிக்கு 13.5 மட்டும் கிடைத்தால் அது முழுதாக நிரம்பவே நிரம்பாது. எர்த் பட்டையை மாற்றும் செலவு, புது பேட்டரியின் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

இரண்டாவது, கம்பிகள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து காரின் உடலுக்கு, எஞ்சினிலிருந்து காரின் உடலுக்கு என மூன்று கம்பிகள்தான் மொத்தப் பாரத்தையும் சுமக்கின்றன. அதிகப் பாரம் சேர்ப்பவர்கள் இந்த மூன்றையும் தடிமனாக்குவது நல்லது. ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கம்பியும் அப்படித்தான். முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து பின் பூட்டுக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 40 ஆம்பியர் ஓடினால், வழியிலேயே 0.4 வோல்ட்டுக்குமேல் தொலைந்துவிடும். 20 சதுர மில்லிமீட்டர் என்றால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. மலிவு விலைக் கம்பிப் பெட்டிகளில் பல, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை. அதே தடிமனில் அவற்றின் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கம்பியின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளியாக மின்னினால் அது முழுச் செம்பு இல்லை.

மூன்றாவது, ஆல்டர்னேட்டர். அளந்து பார்த்து உண்மையாகவே வரவு போதவில்லை என்றால்தான் இதற்குச் செலவழிக்க வேண்டும். அதே எஞ்சின் குடும்பத்தில் பெரிய ரகக் காருக்கு வரும் ஆல்டர்னேட்டர், பல நேரங்களில் அதே தாங்கியில் உட்கார்ந்துவிடும். வாங்கும்போது தகட்டு எண்ணை மட்டும் கேட்காதீர்கள். “எஞ்சின் நின்ற வேகத்தில் எத்தனை ஆம்பியர் வரும்?” என்று கேளுங்கள். 120 என்று எழுதிய ஒன்று, நெரிசலில் உங்கள் பழைய 80-ஐவிடக் குறைவாகத் தருவதும் உண்டு. ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்கினால், அதிலிருந்து வரும் கம்பியையும் பிரதான ஃபியூஸையும் அதற்கேற்ப மாற்றியே ஆக வேண்டும்.

நான்காவதாகத்தான் பேட்டரி. கார் நிற்கும்போது பாரம் இருந்தால் பெரிய பேட்டரி உதவும். உதாரணத்துக்கு, நிறுத்தியிருக்கும்போதும் படமெடுக்கும் டேஷ்கேம் 0.3 ஆம்பியர் எடுக்கும் என்று வையுங்கள். இரண்டு நாள் நிறுத்தினால் 14 ஆம்பியர்-மணிக்குமேல் போகிறது. 35 கொண்ட என்எஸ்40-இல் அது ஐந்தில் இரண்டு பங்கு. 45 கொண்ட என்எஸ்60-இல் மூன்றில் ஒரு பங்கு. பெரியது தட்டில் சரியாக உட்கார வேண்டும், மேலே பிடிப்பான் இறுக வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் பேட்டரி ஆபத்து. டேஷ்கேமுக்கு, 12.2 வோல்ட்டில் தானாக வெட்டிவிடும் கருவியைச் சேர்த்துப் பொருத்தினால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகும்.

அந்தத் தம்பிக்கு ஆல்டர்னேட்டர் மாற்றவே இல்லை. சப்வூஃபரும் குளிர்ப்பெட்டியும் போனதில் 12 ஆம்பியர் குறைந்தது. கூடுதல் எல்இடி அலங்காரத்தையும் எடுத்துவிட்டார். எர்த் பட்டை புதிது, தட்டில் இடமிருந்ததால் என்எஸ்60 பேட்டரி, டேஷ்கேமுக்கு வெட்டும் கருவி. பேட்டரி இப்போது இரண்டாம் ஆண்டை நெருங்குகிறது.

ஃபியூஸ் யாருக்காக?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள். ஃபியூஸ் இருப்பது சாமானைக் காப்பாற்ற அல்ல, கம்பியைக் காப்பாற்ற. சாதாரண கார் பேட்டரி, குறுக்குச்சுற்று ஏற்பட்டால் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். கம்பளத்துக்கு அடியில் போகும் கம்பி இருக்கைக் கம்பியில் உரசி உறை கிழிந்தால், ஃபியூஸ் இல்லாத கம்பி அடுப்புக் கம்பியாகப் பழுக்கும். பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழேதான் அது ஓடுகிறது.

எனவே, பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கூடுதல் கம்பிக்கும், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் பக்கத்தில் இருக்கும் ஃபியூஸ் போதாது. இடையில் இருக்கும் 5 மீட்டரை அது காப்பாற்றாது. 8 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 40 அல்லது 50 ஆம்பியர் ஃபியூஸ் என்று, கம்பியின் தடிமனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிதாகப் போடுவது, காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம்.

சிகரெட் லைட்டர் துளையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கார்களில் அது 120 வாட் வரைதான் தாங்கும். அதில் மூன்று கிளை பிரித்து இன்வெர்ட்டரும் பம்பும் குளிர்ப்பெட்டியும் சொருகாதீர்கள். அதேபோல, 55 வாட் முன்விளக்குக்குப் போட்ட கம்பியில் 100 வாட் பல்பு மாட்டினால் சாக்கெட் உருகும். எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைத்தால் ஜேபிஜே சம்மனும் வரும்.

காசு வீணாகும் இடங்கள்

சப்வூஃபர் அடிக்கும்போது விளக்கு மங்குகிறதா? உடனே ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போடச் சொல்வார்கள். நீலமாக மின்னும், பார்க்க அழகாக இருக்கும். 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது தருவது 26 ஜூல். 500 வாட் பாரத்துக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் போதும். அதன் பிறகு அதையும் சேர்த்து ஆல்டர்னேட்டர்தான் நிரப்ப வேண்டும். லைட்டர் துளையில் சொருகினால் பெட்ரோல் மிச்சமாகும், மின்சாரம் சீராகும் என்று விற்கும் சிறு கருவிகளும் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை.

ஆம்ப்ளிஃபையர் மாற்றுவதாக இருந்தால், டி வகுப்பு ஆம்ப்ளிஃபையரைக் கேளுங்கள். 300 வாட் இசைக்குப் பழைய ஏபி வகுப்பு, உச்சத்தில் 40 ஆம்பியருக்குமேல் இழுக்கும். டி வகுப்பு 27-ஐ ஒட்டி இழுக்கும். சத்தம் அதே, செலவு மூன்றில் ஒரு பங்கு குறைவு.

உறுமி மேளத்து வேன்

சிலருக்குத் தேவையைக் குறைக்க வழியே இல்லை. கோயில் திருவிழாக்களுக்குப் போகும் உறுமி மேளக் குழுவினர் ஒரு முறை வேனோடு வந்தார்கள். மைக், ஒலிபெருக்கி எல்லாம் ஓட 1,000 வாட் இன்வெர்ட்டர் வேண்டும் என்றார்கள். 12 வோல்ட்டில் 1,000 வாட் என்றால், இழப்பையும் சேர்த்து 100 ஆம்பியரை நெருங்கும். ஸ்டார்ட்டுக்கு உள்ள பேட்டரியில் இதை மாட்டினால், திருவிழா முடியும்போது வேனைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும்.

இதற்கு இரண்டாவது பேட்டரிதான் வழி. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, அணைந்ததும் பிரித்துவிடும் ஐசொலேட்டர் அதற்கு அவசியம். இரண்டாவது பேட்டரி, ஆழமாக இறக்கி ஏற்றத் தாங்கும் டீப் சைக்கிள் வகையாக இருக்க வேண்டும். சராசரியாக 300 வாட் ஓடினால் ஏறக்குறைய 29 ஆம்பியர். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் முக்கால் பங்குக்குமேல் எடுக்கலாம் என்பதால் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். ஆனால் அதை எஞ்சின் அறைச் சூட்டில் வைக்கக் கூடாது. அதற்கென்று உள்ள சார்ஜர் வழியாகத்தான் ஆல்டர்னேட்டரோடு இணைக்கவும் வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே சார்ஜ் செய்து எடுத்துப் போகும் கையடக்க மின்பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்வது என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். ஆண்டுக்குச் சில திருவிழாக்கள் என்றால் அதுவே சரி. வாரந்தோறும் வேலை என்றால்தான் வேனில் கைவைக்க வேண்டும்.

புதிய கார்களில் கவனம்

சிக்னலில் தானாக அணைந்து கிளம்பும் கார்களில் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரி இருக்கும். அதற்குப் பதில் சாதாரணமானதைப் போட்டால் சீக்கிரம் போய்விடும். சில புதிய கார்களில் பெட்ரோலைச் சேமிக்க, கணினியே ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிறது. பேட்டரியின் நெகடிவ் முனையில் சிறு கருவி ஒன்று தெரிந்தால், அது மின்னோட்டத்தை அளக்கும் சென்சார். கூடுதல் சாமான்களின் எர்த்தை அந்த முனையில் மாட்டாமல் காரின் உடலில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கணினியின் கணக்குத் தவறிவிடும்.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆல்டர்னேட்டரே இல்லை. பெரிய பேட்டரியிலிருந்து மாற்றியின் வழியாக 12 வோல்ட் வருகிறது. ஆரஞ்சு நிறக் கம்பிகளை யாரும் தொடக் கூடாது. வீட்டு மின்சாரத்தை வெளியே தரும் வசதி சில மின்சாரக் கார்களில் உண்டு. இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

உத்தரவாதத்தில் உள்ள காரில் ஒயரிங் செய்யும் முன் விற்பனை நிலையத்தைக் கேளுங்கள். பெரிய மாற்றம் செய்தால் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்வதைவிட முன்பே சொல்வது மலிவு.

வீட்டிலேயே ஐந்து நிமிடச் சோதனை

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும்.

1. இரவெல்லாம் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரி முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் பட்டினி.

2. எஞ்சினை ஓடவிட்டு மீண்டும் பாருங்கள். வழக்கமான கார்களில் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும்.

3. ஏர்கோன், முன்விளக்கு, நீங்கள் சேர்த்த சாமான்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் பத்து நிமிடம் நிறுத்துங்கள். 13-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் செலவு வரவைத் தாண்டிவிட்டது.

4. அதே நிலையில், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ்விலும், மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் கம்பியில் கோளாறு.

இந்த நான்கு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். “பெரிய பேட்டரி போடுங்க” என்று கேட்காமல், “இதுல எங்க குறையுது, பாருங்க” என்று கேளுங்கள். எதையும் அளக்காமல் விலை சொல்பவரிடம் உங்கள் காரை விடாதீர்கள். அளந்து பார்த்துவிட்டு, “உங்களுக்கு எதுவும் மாற்ற வேண்டாம்” என்று சொல்பவர் கிடைத்தால், அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.